பயிருக்கு ஒரு நாள், ஓர் ஆண்டு: லாபம் யாருக்கு, செலவு யார் தலையில்?

2023 சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. பிப்ரவரி 10 உலகப் பயறு நாள், மே 21 தேயிலைக்கு, மே 30 உருளைக்கிழங்குக்கு, அக்டோபர் 7 பருத்திக்கு. 2027 பேரீச்சை மரத்தின் ஆண்டு என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது. ஒவ்வொரு முறை இப்படி அறிவிப்பு வரும்போதும் இரண்டு விதமான பேச்சு கிளம்புகிறது. விவசாயிக்கு விடிவுகாலம் வந்துவிட்டது என்று ஒரு பக்கம்; மேடை போட்டு போட்டோ எடுக்கும் வெட்டிச் செலவு என்று இன்னொரு பக்கம். இரண்டுமே கணக்குப் பார்க்காமல் சொல்கிற பேச்சு. கணக்குப் பார்க்க வேண்டுமானால், இந்த அறிவிப்பு எப்படிப் பிறக்கிறது, அதற்கு என்ன அதிகாரம், பணம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## யார் அறிவிக்கிறார்கள்?

எல்லா நாட்களும் ஒரே தரம் இல்லை. மூன்று வகை உண்டு.

1. ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் போட்டு அறிவிப்பவை. சிறுதானிய ஆண்டு, பயறு நாள், உருளைக்கிழங்கு நாள் எல்லாம் இந்த வகை.
2. ஒரு பண்டத்துக்கென்றே இருக்கும் நாடுகளின் கூட்டமைப்புகள் தொடங்கியவை. அக்டோபர் 1 காபி நாளை 2015ல் சர்வதேசக் காபி அமைப்பு தொடங்கியது. செப்டம்பர் 2 தேங்காய் நாள் என்பது ஆசிய பசிபிக் நாடுகளின் தென்னைக் கூட்டமைப்பு உருவான தினம்.
3. வணிகச் சங்கங்களும் நிறுவனங்களும் தாமாகவே வைத்துக்கொண்டவை. இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆங்காங்கே பார்க்கும் பழ நாள், பண்ட நாள்களில் நிறைய இந்த ரகம்தான்.

முதல் வகைக்கு மட்டும் நீண்ட பாதை உண்டு. ஏதாவது ஓர் உறுப்பு நாடு முன்மொழிய வேண்டும். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பில் வேளாண் குழு, செயற்குழு, மாநாடு என்று படிப்படியாக ஒப்புதல் வாங்கி, கடைசியில் பொதுச் சபைக்குப் போகும். சிறுதானிய ஆண்டை இந்தியா 2018ல் முன்மொழிந்தது. 2019ல் மாநாட்டின் ஒப்புதல் கிடைத்தது. 72 நாடுகளின் ஆதரவோடு 2021 மார்ச்சில் பொதுச் சபை நிறைவேற்றியது.

முன்மொழியும் நாட்டின் பெயரைக் கவனித்தாலே பாதி விஷயம் புரியும். தென் அமெரிக்கத் தானிய வகைப் பயிரான கினோவாவுக்கு பொலிவியா, உருளைக்கிழங்குக்கு பெரு, பயறுக்குத் துருக்கியும் பாகிஸ்தானும், பேரீச்சைக்கு சவூதி அரேபியா. விளைவிக்கிற நாடு, அல்லது விற்க விரும்புகிற நாடு. இதில் தப்பில்லை. ஆனால் உலகமே ஒன்று கூடி ஒரு பயிரின் அருமையை உணர்ந்து எடுத்த முடிவு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

## அதிகாரமும் பணமும்

தீர்மானத்தால் எந்த நாட்டையும் கட்டாயப்படுத்த முடியாது. அரசுகளையும் அமைப்புகளையும் அது ‘அழைக்கும்’, ‘ஊக்குவிக்கும்’, அவ்வளவுதான். எந்த நாடும் கொள்முதல் விலையை மாற்றவோ, இறக்குமதி வரியைக் குறைக்கவோ கடமைப்பட்டதில்லை.

பணத்தைப் பற்றியும் அதே தீர்மானத்தில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: இதனால் வரும் செலவு முழுவதையும் தன்னார்வ நன்கொடைகளிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது ஐ.நா.வின் வழக்கமான பட்ஜெட்டிலிருந்து தனியாக ஒரு காசு ஒதுக்குவதில்லை. முன்மொழிந்த நாடு கொடுக்கும், சில நிறுவனங்கள் கொடுக்கும், மற்றதை அந்தந்த நாடு தன் பையிலிருந்து போட்டுக்கொள்ளும்.

எனவே ‘ஐ.நா. பணத்தை வீணடிக்கிறது’ என்ற குற்றச்சாட்டு பெரிதாக நிற்காது. நேரடிச் செலவு சின்னதுதான். அதே காரணத்துக்காக, ‘இந்த ஆண்டால் இவ்வளவு வளர்ச்சி’ என்ற பெருமையும் லேசில் நிற்காது. காசு இல்லாத அறிவிப்பு எதைச் செய்ய முடியும்?

கவனத்தைத் திருப்ப முடியும். கவனமும் ஒரு வளம்தான், அதற்கும் அளவு உண்டு. இதை ஐ.நா. உணராமலும் இல்லை. அதன் பொருளாதார, சமூக மன்றம் 1980லேயே வழிகாட்டு விதிகள் வகுத்தது: இரண்டு சர்வதேச ஆண்டுகளுக்கு நடுவில் பொதுவாக இரண்டு வருட இடைவெளியாவது வேண்டும், நிதிக்கும் ஏற்பாட்டுக்கும் வழி செய்யாமல் எதையும் அறிவிக்கக் கூடாது. நடப்பு வேறு. 2025ல் மட்டும் பனிப்பாறைகள், குவாண்டம் அறிவியல், கூட்டுறவு, அமைதியும் நம்பிக்கையும் என நான்கு சர்வதேச ஆண்டுகள் ஒரே நேரத்தில் ஓடின. சர்வதேச நாட்களின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டிவிட்டது. ஒரே தேதியில் ஒன்றுக்கு மேல் வந்து விழுந்தால் யார் எதைக் கவனிப்பது?

## நன்மை எந்த வழியாக வருகிறது?

‘விழிப்புணர்வு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால் மூன்று வழிகள் தெரியும்.

1. வாங்குபவர் வழி. பெயரே கேள்விப்படாதவர் ஒரு பயிரைக் கேள்விப்படுகிறார், வாங்கிப் பார்க்கிறார், தேவை கூடுகிறது.
2. ஆராய்ச்சி வழி. கவனிக்கப்படாத பயிருக்கு நிதி கேட்கும் விஞ்ஞானிக்குக் கையில் ஒரு காரணம் கிடைக்கிறது. அரிசி, கோதுமை, மக்காச்சோளம் என்ற மூன்றுக்கே ஆராய்ச்சிப் பணத்தில் பெரும்பங்கு போகிற உலகத்தில் இது சின்ன விஷயம் இல்லை.
3. அரசு வழி. ஏற்கெனவே கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு திட்டத்தை, ‘இந்த ஆண்டு முடிவதற்குள்’ என்ற கெடு கொடுத்து எழுப்ப முடியும்.

இவற்றில் முதல் வழி வேகமானது, மற்ற இரண்டும் மெதுவானவை. பிரச்சினையே இந்த வேக வித்தியாசத்தில்தான் இருக்கிறது. தேவை சில மாதங்களில் ஏறும். புது ரகம் ஒன்றை உருவாக்கப் பல வருடம் ஆகும். கொள்முதல் முறையை மாற்ற அதைவிடவும் ஆகலாம். தேவை ஓடிப்போய் முன்னால் நிற்க, மற்றதெல்லாம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்போது என்ன ஆகும் என்பதற்கு கினோவாவின் கதையை விட நல்ல பாடம் கிடையாது.

## கினோவா: 2013ம் அதற்குப் பிறகும்

ஆண்டிஸ் மலைப்பகுதியில் ஆயிரக்கணக்கான வருடங்களாக விளையும் பயிர் இது. தென் பொலிவியாவின் உப்பு நிலங்களில், கடல் மட்டத்துக்கு மேலே மூவாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல், உறைபனியும் வறட்சியும் சேர்ந்து தாக்கும் இடத்தில் வேறு எதுவும் சரியாக வராது, கினோவா வரும். விதையின் மேல்தோலில் சபோனின் என்ற கசப்புப் பொருள் இருக்கும். பறவைகள் தின்னாமல் காப்பது அதுதான். தண்ணீரில் அலசியோ, இயந்திரத்தில் தேய்த்தோ அந்தக் கசப்பைப் போக்கினால்தான் மனிதரும் சாப்பிட முடியும்.

2013 சர்வதேச கினோவா ஆண்டு. ஆனால் விலை அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிட்டது. 2006க்கும் 2013க்கும் இடையில் ஏறத்தாழ மூன்று மடங்கானது. வட அமெரிக்கா, ஐரோப்பாவில் அதைச் சத்துணவு என்று தேடி வாங்கினார்கள். சர்வதேச ஆண்டு வந்து எரிகிற அடுப்பில் விறகைச் செருகியது.

அப்போது உலகம் முழுக்க ஒரு செய்தி பரவியது: பணக்கார நாட்டினர் தின்பதால் விலை ஏறி, ஏழை ஆண்டிஸ் மக்களுக்கே கினோவா கிடைக்கவில்லை என்று. கேட்க நியாயமாக இருக்கும் கதை. ஆனால் பெரு நாட்டின் குடும்பக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து 2018ல் வெளியான ஆய்வு வேறு மாதிரி சொன்னது. கினோவா பயிரிடாமல் வாங்கி மட்டும் உண்ணும் குடும்பங்கள்கூட விலையேற்றத்தால் நொடிந்துபோனதாகத் தெரியவில்லை. விளைந்த பகுதிகளில் புழங்கிய பணம் மற்றவர்களுக்கும் ஓரளவு கைமாறியது. மொத்தத்தில் சிறிய நன்மையே. விலை ஏறியபோது வந்த பதற்றம் தேவையில்லாதது என்றே சொல்லலாம்.

அடி விழுந்தது விலை இறங்கியபோது. நல்ல விலையைப் பார்த்து பெருவில் கடலோரச் சமவெளியிலும் கினோவா போட ஆரம்பித்தார்கள். அங்கே பாசன வசதி உண்டு, வருடத்துக்கு இரண்டு போகம் எடுக்கலாம், உரமும் பூச்சிமருந்தும் தாராளம். பெருவின் உற்பத்தி 2013ல் சுமார் 52 ஆயிரம் டன். 2014ல் 1 லட்சத்து 14 ஆயிரம் டன்னைத் தாண்டியது. ஒரே வருடத்தில் இரட்டிப்புக்கும் மேல். பூச்சிமருந்து எச்சம் இருந்ததாக அமெரிக்கா சில சரக்குகளைத் திருப்பியது தனிக்கதை. ஐரோப்பாவிலும் வேறு கண்டங்களிலும் புதிதாகப் பயிரிட்டார்கள். 2014ல் உச்சத்தில் இருந்த ஏற்றுமதி விலை அடுத்த இரண்டே வருடத்தில் பாதிக்கும் கீழே போனது.

பொலிவிய மலை விவசாயிக்கு இரட்டை நஷ்டம். நல்ல விலை இருந்த காலத்தில், பரம்பரையாகப் பயிரிட்ட மலைச்சரிவை விட்டுவிட்டு, ஒட்டகக் குடும்பத்து விலங்கான லாமா மேய்ந்துகொண்டிருந்த சமவெளியை டிராக்டர் விட்டு உழுதிருந்தார்கள். சரிவில் டிராக்டர் ஏறாது, அதனால் சமவெளி. லாமா குறைந்ததால் எரு குறைந்தது. மூடியிருந்த புதர் போனதால் காற்று மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போனது. விலை விழுந்தபோது கையில் இருந்தது சத்து குறைந்த மண்.

ரகங்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். நிறம், கசப்பு, உயரம், குளிர் தாங்கும் தன்மை என வேறுபடும் எத்தனையோ நாட்டு ரகங்கள் ஆண்டிஸில் உண்டு. ஏற்றுமதிச் சந்தை கேட்டதோ பெரும்பாலும் வெள்ளையான, பெரிய மணியுள்ள சில ரகங்களை. உயிரிப் பன்மையைப் போற்றுவதற்கு என்று அறிவித்த ஆண்டு, அந்தப் பன்மையைக் குறுக்கும் சந்தைக்குத் துணை போனது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. பயிர்களின் மரபணு வளத்தை நாடுகள் பகிர்ந்துகொள்வதற்கும், அதனால் வரும் பலனைப் பங்கு போடுவதற்கும் ஒரு சர்வதேச ஒப்பந்தம் 2004ல் நடைமுறைக்கு வந்தது. பகிர்வு முறைக்கு உட்பட்ட பயிர்கள் என்று அதில் ஒரு பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது. நெல் அதில் இருந்தது, உருளைக்கிழங்கு இருந்தது, கேழ்வரகும் கம்பும் இருந்தன. கினோவா இல்லை. உலகம் முழுக்கப் போய்ச் சேரும் பயிரின் விதையைக் காத்து வந்தவருக்குப் பங்கு என்ன என்று தீர்ப்பதற்கான முறை தயாராகாமலே 2013 கொண்டாட்டம் நடந்து முடிந்தது.

இந்தச் சரிவு முழுவதையும் அந்த ஆண்டின் தலையில் போடுவது நியாயமில்லை. சந்தை தன் போக்கில் இதைச் செய்திருக்கும், கொஞ்சம் மெதுவாக. ஆனால் தேவையைத் தூண்டத் தெரிந்தவர்கள் வீழ்ச்சிக்கு ஒரு காப்பு ஏற்பாட்டை யோசிக்கவில்லை என்ற விமர்சனம் நிற்கிறது.

## காரணம் எது, தற்செயல் எது?

கணக்குப் பார்ப்பதில் பெரிய சிக்கல், அந்த ஆண்டில் நடந்ததெல்லாம் அந்த ஆண்டால் நடந்தது ஆகிவிடாது என்பது.

2016 பயறு ஆண்டு. இந்தியாவின் பயறு உற்பத்தி 2015-16ல் சுமார் 1 கோடியே 63 லட்சம் டன். 2016-17ல் 2 கோடியே 30 லட்சம் டன். பார்த்தால் பயறு ஆண்டின் மாபெரும் வெற்றி போல் இருக்கும். உண்மையில் 2014, 2015 இரண்டும் வறட்சி வருடங்கள், 2016ல் பருவமழை நன்றாகப் பெய்தது, முந்தைய வருட விலையேற்றமும் உயர்த்திய ஆதரவு விலையும் விவசாயிகளைப் பயறு பக்கம் இழுத்தன. ஐ.நா. தீர்மானத்துக்கு இதில் பங்கு இருந்திருந்தால் அது மிகச் சிறியது. அதே ஆண்டு இந்தியா மொசாம்பிக்கோடு துவரை இறக்குமதி ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருடம் உள்நாட்டில் விளைச்சல் குவிந்ததும் துவரை இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு வந்தது. இந்தியச் சந்தையை நம்பி விதைத்திருந்த மொசாம்பிக் விவசாயிகளுக்கு விலை சரிந்தது. பயறு ஆண்டின் முழக்கங்கள் எதுவும் அங்கே உதவிக்கு வரவில்லை. முடிவு செய்தது வர்த்தகக் கொள்கை.

நெல்லின் கதை இன்னும் வெளிப்படை. 2004 சர்வதேச நெல் ஆண்டு. ‘நெல்லே வாழ்வு’ என்பது முழக்கம். நான்கே வருடத்தில், 2007-08ல், இந்தியா, வியட்நாம் போன்ற நாடுகள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவும் உலகச் சந்தையில் அரிசி விலை சில மாதங்களிலேயே இரண்டு, மூன்று மடங்கானது. நெல்லின் முக்கியத்துவம் தெரியாததாலா அந்த நெருக்கடி வந்தது? நன்றாகத் தெரிந்ததால்தான் ஒவ்வொரு நாடும் தன் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

## நாள் கிடைத்தது, கேட்டது கிடைக்கவில்லை

பருத்தி நாளின் பின்னணியில் அரசியல் உண்டு. பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய நான்கு மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் 2003ல் உலக வர்த்தக அமைப்பில் ஒரு கோரிக்கை வைத்தன. பணக்கார நாடுகள் தங்கள் பருத்தி விவசாயிகளுக்குக் கொட்டிக் கொடுக்கும் மானியத்தால் உலக விலை அமுங்குகிறது, அதை நிறுத்த வேண்டும் என்பது சாரம். 2015ல் ஏற்றுமதி மானியம் தொடர்பாக ஒரு முடிவு வந்தது. பெரிய பிரச்சினையான உள்நாட்டு மானியம் அப்படியே நின்றது. 2019 அக்டோபர் 7ல் அதே அமைப்பின் ஜெனிவா தலைமையகத்தில், அதே நான்கு நாடுகளின் முயற்சியில், உலகப் பருத்தி நாள் தொடங்கப்பட்டது. 2021ல் ஐ.நா.வும் அங்கீகரித்தது.

பக்கத்திலேயே இன்னொரு பாதையையும் வைத்துப் பாருங்கள். பிரேசில் அதே அமெரிக்கப் பருத்தி மானியத்துக்கு எதிராக 2002ல் முறைப்படி வழக்குப் போட்டது. வென்றது. விவகாரம் 2014ல் சமரசத்தில் முடிந்தபோது அமெரிக்கா பிரேசில் பருத்தித் துறைக்கு 30 கோடி டாலர் கொடுத்தது. வழக்கு நடத்தப் பெரிய சட்டப் படையும் பொறுமையும் பதிலடி கொடுக்கும் வர்த்தக பலமும் வேண்டும்; பிரேசிலிடம் இருந்தன, மாலியிடம் இல்லை. வலுவில்லாத நாட்டுக்கு நாள் என்பது கிடைத்த மேடை, அதை விட்டுவிடு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கொள்கைக் கோரிக்கைக்குப் பதிலாக நாள் வந்து உட்கார்ந்துவிட்டால் அது செலவுப் பக்கம் எழுத வேண்டிய விஷயம். கோரிக்கையைத் தள்ளிப்போடுகிறவர்களும் மேடையேறி வாழ்த்திவிட்டுப் போகலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

## விழிப்புணர்வு எட்டாத இடம்

சிறுதானியங்களுக்கு வருவோம். இவை சத்தானவை, குறைந்த நீரில் விளைபவை என்பது 2023க்குப் பிறகு பலருக்கும் தெரியும். சரி, தெரிந்த பிறகும் ஏன் அரிசி, கோதுமை அளவுக்கு வாங்குவதில்லை? பதில் பெரும்பாலும் அரவை மில்லில் இருக்கிறது.

கம்பில் கொழுப்பு அதிகம், முக்கியமாக முளைப்பகுதியில். அரைக்கும்போது அந்தக் கொழுப்பும், அதைச் சிதைக்கும் நொதியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மாவு சில நாட்களிலேயே சிக்கு வாடை அடித்துக் கசக்கும். கோதுமை மாவைப் போல மாதக்கணக்கில் அலமாரியில் வைத்து விற்க முடியாது. முழு தானியமாக வைத்திருந்து அவ்வப்போது அரைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நகரத்துக் கடை முறைக்கு அது ஒத்துவராது. வெப்பத்தால் நொதியை அடக்கலாம், நொதி குறைந்த ரகம் தேடலாம். அதற்குத் தேவை ஆராய்ச்சியும் இயந்திரமும் முதலீடும்.

சாமை, தினை, வரகில் வேறு சிக்கல். உமி இறுக்கமாக ஒட்டியிருக்கும், மணி சின்னது, ஒன்றுக்கொன்று அளவு வேறு. நெல் மில்லில் போட்டால் நொய்யாகும், அல்லது பாதி உமியோடு வரும். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபோனியோ என்ற சிறுதானியத்தின் மணியோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. பெண்கள் உரலில் மணலோடு சேர்த்துக் குத்தி உமி நீக்கி, மணல் போக மறுபடி மறுபடி அலச வேண்டியிருந்தது. செனகலைச் சேர்ந்த சனூசி தியாகித்தே 1990களில் இதற்கென ஓர் உமி நீக்கும் இயந்திரம் செய்தார். அந்த ஓர் இயந்திரம் குறைக்கிற உழைப்பை எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் குறைக்க முடியாது.

ஒடிசா அரசின் சிறுதானியத் திட்டம் இங்கே கவனிக்க வேண்டியது. விதை, விவசாயிக்கு ஊக்கத்தொகை, ஊருக்குள்ளேயே பதப்படுத்தும் கருவி, அரசுக் கொள்முதல், பொது விநியோகம் என்று சங்கிலி முழுவதையும் ஒன்றாகக் கட்டிய அந்தத் திட்டம் தொடங்கியது 2017ல், சர்வதேச ஆண்டுக்கு ஆறு வருடம் முன்னால். அப்புறம் 2023 வந்தபோது, காட்டுவதற்கு அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. பிற நாடுகளிலிருந்து கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கும் அது பயன்பட்டது. சர்வதேச ஆண்டு சரியாக வேலை செய்கிற சூழல் இதுதான்: அடித்தளம் முன்பே போட்டிருக்க வேண்டும்.

## அடுத்த அறிவிப்பை எடைபோட

எத்தனை கூட்டம், எத்தனை கண்காட்சி, எத்தனை கோடி பேரைச் சென்றடைந்தது என்ற அறிக்கை எண்கள் எதையும் நிரூபிப்பதில்லை. இவற்றைக் கேட்கலாம்:

1. அறிவிப்புக்கு முன்பே நிதியோடு ஓடிக்கொண்டிருக்கும் திட்டம் ஏதாவது உண்டா?
2. தேவை கூடினால் லாபம் யாருக்கு, விலை விழுந்தால் நஷ்டம் யாருக்கு? இரண்டும் ஒரே ஆளா?
3. அந்தப் பயிரின் உண்மையான முட்டுக்கட்டை அறியாமையா, அல்லது மில், விதை, வரி, மானியம் போன்ற வேறொன்றா?
4. ஆண்டு முடிந்து மூன்று, நான்கு வருடம் கழித்து எது மிச்சம்?

2027 பேரீச்சை ஆண்டில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். பேரீச்சைக்குப் பெயர் தெரியாத குறை கிடையாது. கன்று நட்டுக் காய்க்கவே பல வருடம் ஆகும் என்பதால் கினோவா போல ஒரே வருடத்தில் உற்பத்தி இரட்டிக்கவும் வாய்ப்பில்லை. அதன் பெரிய எதிரி சிவப்புக் கூன்வண்டு. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இந்த வண்டு 1980களின் நடுவில் வளைகுடா நாடுகளுக்குப் போய், அங்கிருந்து வட ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா வரை பரவியது. புழு தண்டுக்குள் இருந்தே குடையும். வெளியே தெரியும்போது மரம் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும். ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் கன்றும் மரமும்தான் அதற்கு வாகனம்.

ஸ்பெயினின் கேனரித் தீவுகள் இந்த வண்டை ஒழித்துக் காட்டின. 2016ல் வண்டு இல்லாத பகுதி என்று அறிவிக்கப்பட்டது. வெளியிலிருந்து பனை இன மரங்கள் வரத் தடை, தீவுக்குள் மரம் நகர்த்தக் கட்டுப்பாடு, மரம் மரமாகப் பரிசோதனை, பாதித்ததை உடனே அழிப்பது என்று பத்து வருடம் தொடர்ந்து செய்த வேலை. பேரீச்சை வளர்க்கும் நாடுகள் 2027ஐச் சாக்காக வைத்து, கன்று நடமாட்டத்துக்குப் பொதுவான தடுப்பு விதியும் பரிசோதகர்களுக்குச் சம்பளமும் ஏற்பாடு செய்துகொண்டால் அந்த ஆண்டுக்குச் செலவழித்த பணம் பல மடங்காகத் திரும்பும். பேரீச்சம்பழத் திருவிழாவோடு நின்றால், 2028லும் வண்டு கன்றோடு லாரி ஏறிப் போய்க்கொண்டிருக்கும்.